கல்லைத் திருப்பிக் கேட்ட குடைவு

விஷ்னியா மேசைமேல் வைத்தது, பதினேழு மைல் என்ற எங்கள் ஊரில் எல்லோர் சட்டைப்பையிலும் கிடக்கிற அதே சின்னக் கண்ணாடிப் புட்டிதான். ஓப்பல் என்னும் வண்ணக்கல்லின் சில்லுகளைத் தண்ணீரில் போட்டால்தான் நிறம் எழும் என்பதால், கல் மதிப்பிடுகிற ஆம்ப்ரோஸிடம் ஒரு நாளைக்குப் பத்துப் புட்டியாவது வரும். அவர் வழக்கம்போல அதை விளக்கடிக்கு நகர்த்தி, கண்ணில் உருப்பெருக்கியைப் பொருத்திக்கொண்டு குனிந்தார். உள்ளே ஐந்து கற்கள் இருந்தன. அவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"இது எந்தக் குழியில கிடைச்சது?" என்று கேட்டார்.

"குழியில இல்ல. என் புருஷன் உடம்புலேர்ந்து வந்தது" என்றாள் விஷ்னியா.

பின்கட்டில் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மோரீன் குழாயை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்தாள். ஊருக்குத் தண்ணீர் லாரி ஓட்டுபவள் அவள். வயது ஐம்பத்திரண்டு. யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியாது. கல்லைப் பார்த்தே அது எந்தக் குழியில் திருடியது என்று சொல்லி ஆம்ப்ரோஸ் மூன்று திருடர்களைப் பிடித்துக்கொடுத்த பிறகு, தன்னை அவருடைய உதவியாளராக அவளே நியமித்துக்கொண்டாள். அவர் மறுக்கவில்லை. மறுத்தாலும் பயனிருக்காது.

"டெர்மட்டுக்கா? அவனுக்கு இருக்கறதே ஒரு கிட்னிதானே" என்றாள் மோரீன்.

"அதான் வந்தேன்." விஷ்னியா புட்டியைப் பார்த்தபடியே சொன்னாள். டெர்மட் பத்தொன்பது வயதில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஒரு சிறுநீரகத்தை இழந்தவன். மிச்சமிருப்பதில் ஒரு கல் வழியை அடைத்துக்கொண்டால், டாக்டர் விமானம் வந்து அடிலெய்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எதுவும் நடக்கலாம் என்று அறுவை டாக்டர் சொல்லியிருந்தார். "ஆனா அவன் அதுக்குப் பயப்படல. எங்கப்பாவுக்குப் பயப்படறான்."

விஷ்னியாவின் அப்பா யோஸோ இறந்து மூன்று வருடம் ஆகிறது. எழுபதடி ஆழத்தில் மூன்றாம் குடைவு என்கிற சுரங்கப்பாதையை வெட்டியவர். அவருக்கும் கடைசிக் காலத்தில் கல் மேல் கல்லாக வந்தது. சீழ் பிடித்துக் காய்ச்சல் ஏறி விமானத்திலேயே உயிர் போயிற்று. போகும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, எடுத்த கல்லையெல்லாம் குடைவு திருப்பிக் கேட்கிறது என்றாராம். காய்ச்சல் பேச்சு என்று அன்று எல்லோரும் நினைத்தார்கள். அதன்பின் அவள் வீட்டில் தங்கி அதே குடைவில் ஒரு வருடம் வேலை செய்த ஸ்பைரோவுக்கு இரண்டு கல் வந்தது. அவன் பயந்துபோய் ஊரைவிட்டே போனான், போன பிறகு ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு மாதத்துக்கு முன் டெர்மட் இறங்கினான்.

"அஞ்சு மாசத்துல முதல் கல். அப்புறம் மூணு மாசம் கழிச்சு. அப்புறம் ரெண்டு மாசம், ஆறு வாரம். கடைசிக் கல்லு பத்தொன்பதே நாள்ல வந்துடுச்சு. அப்பாவுக்குக் கோபம் ஏறுதுங்கறான். அங்கே எடுத்ததுலயே பெரிய ஓப்பலைக் கொண்டுபோய்க் குடைவோட கோடியில புதைக்கப் போறான். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு. அந்தக் கோடியில கூரையைத் தாங்கற முட்டுக்கட்டையெல்லாம் இத்துப்போச்சு, மிஸ்டர் ஆம்ப்ரோஸ். யாரும் அங்கே போறதில்ல. போனா கூரை அவன் தலைமேலதான். போகலைன்னா கல்லு. யார் இதைச் செய்யறாங்கன்னு சொல்லுங்க. செத்தவங்களா, உயிரோட இருக்கறவங்களா?"

ஆம்ப்ரோஸ் புட்டியை மறுபடியும் விளக்கில் பிடித்தார். பழுப்புக் கற்களின்மேல் பொடிப்பொடியாகப் படிகங்கள் மின்னின. இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டியதுபோல ஒவ்வொன்றும் அத்தனை ஒழுங்காக இருந்தது. அழகாகவே இருந்தது.

"மதியம் வீட்டுக்கு வர்றேன். டெர்மட்டை எங்கேயும் போகவிடாதீங்க" என்றார்.

எங்கள் ஆஸ்திரேலியாவில் ஜனவரி என்றால் நடுக்கோடை. வெளியே நாற்பத்தாறு டிகிரி. எங்கள் ஊரில் பாதிப் பேர் குன்றைக் குடைந்து உள்ளே வாழ்கிறோம், விஷ்னியாவின் வீடும் அப்படித்தான். வாசலைத் தாண்டியதும் வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக அற்றுப்போகும். சமையலறையின் பின்சுவர் வெறும் பாறை. அதற்கு அந்தப் பக்கம், கீழே சரிந்து, யோஸோவின் குடைவு போகிறது.

டெர்மட் மேசையில் உட்கார்ந்திருந்தான். நல்ல உயரம், கன்னம் மட்டும் ஒட்டிப்போயிருந்தது. "அவ கூப்பிட்டா நீங்களும் வந்துட்டீங்க. கல்லுக்கு விலை சொல்ற ஆள் பேய்க்கு என்ன சொல்வீங்க?" என்று சிரிக்கப் பார்த்தான்.

"இன்னும் பார்க்கலையே. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் ஆம்ப்ரோஸ். "டாக்டர் என்ன சாப்பிடச் சொன்னார்?"

விஷ்னியாதான் பதில் சொன்னாள். "உப்பைக் குறை, தண்ணி நிறையக் குடி, எலுமிச்சை சேர்த்துக்கோன்னார். சொன்னதெல்லாம் விடாம செய்யறோம்."

"வேற மருந்து மாத்திரை?"

"ஒண்ணும் கிடையாது. டாக்டரும் கேட்டார், இல்லைன்னுட்டோம்."

ஆம்ப்ரோஸின் பார்வை பழக்கூடைக்குப் போனது. அதில் நாலு வெங்காயமும் முளைவிட்ட உருளைக்கிழங்கும் கிடந்தன. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரும் லாரியில் பழம் என்று எது வந்தாலும் அது வாடித்தான் வரும்.

"தண்ணி நிறையக் குடிக்கிறதா சொல்றீங்க, போன வருஷம் ஊத்தின அதே அளவுதானே இப்பவும் உங்க தொட்டிக்கு ஊத்தறேன்" என்று மோரீன் குறுக்கே வந்தாள்.

டெர்மட் தலையைச் சொறிந்தான். "எழுபதடி ஏணி, மோரீன். நிறையக் குடிச்சா நாலு தடவை ஏறி இறங்கணும். விஷ்னியா கலந்து தர்ற ஒரு பாட்டில் போதும் எனக்கு."

அந்தப் பாட்டில் குளிர்பெட்டியில் தயாராக இருந்தது. மோரீன் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்னது இது, பல்லு கூசற மாதிரி?"

"வைட்டமின் பொடி" என்றான் டெர்மட். "புளிக்கும், பழகிப்போச்சு. மாமனார் காலத்துலேர்ந்து குழிக்கு இறங்கறவனுக்கு இந்த வீட்ல அது உண்டு. பழம் கிடைக்காத ஊராச்சே."

"நீங்க குடிக்கிறதில்லையா?" என்று ஆம்ப்ரோஸ் விஷ்னியாவைக் கேட்டார்.

"எனக்கு வயிறு எரியும். நான் குழிக்கும் இறங்கறதில்ல."

அடுப்புக்கு மேலே ஆணியில் ஒரு பித்தளைக் கரண்டி பளபளவென்று தொங்கியது. கல் சில்லுகளை அள்ளுவதற்கு வியாபாரிகள் வைத்திருக்கும் அகலக் கரண்டி. ஆம்ப்ரோஸிடமே அதுபோல ஒன்று உண்டு. அவர் பார்ப்பதைக் கண்டு விஷ்னியா, "அப்பாவோடது" என்றாள். மேற்கொண்டு விளக்கத் தேவையிருக்கவில்லை. குழியில் உழைத்துச் செத்தவரின் கருவியில் ஒன்றையாவது வீட்டில் தினமும் புழங்க வேண்டும், சும்மா போட்டால் அவர் அதைத் தேடிக்கொண்டு வருவார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நம்பாதவர்கள்கூடச் செய்துவிடுவார்கள், எதற்கு வம்பு என்று.

பட்டறைக் கொட்டகையில் ஆணியும் திருகும் வயர்த்துண்டும் ஒரே மாதிரி வெள்ளை டப்பாக்களில் வரிசையாக இருந்தன. மோரீன் எண்ணிப் பார்த்தாள், ஒன்பது. எல்லாம் அந்த வைட்டமின் டப்பாக்கள்.

"எல்லாம் எப்போ வாங்கினது?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"நான் குழிக்கு இறங்கினப்புறம். முந்தினதையெல்லாம் ஸ்பைரோ எடுத்துட்டுப் போயிட்டான்."

ஆணிகளுக்கு நடுவே விரல்நுனி அளவில் வெள்ளை பிளாஸ்டிக் கரண்டி ஒன்று கிடந்தது. "பொம்மைக்குச் சோறு ஊட்டற மாதிரி இருக்கு" என்று மோரீன் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள். அவள் கவனமெல்லாம் மேல்தட்டில் இருந்த நீலப் புட்டியில் இருந்தது. கல்லில் படிந்த துருவைக் கரைக்கும் ஆக்ஸாலிக் அமிலம், மண்டையோட்டுப் படம் ஒட்டியது. அவள் ஆம்ப்ரோஸை விலாவில் இடித்தாள். "இந்தக் கொட்டகைச் சாவி யார் யார்கிட்ட இருக்கு, டெர்மட்?"

"என்கிட்ட ஒண்ணு, கிளென்கிட்ட ஒண்ணு. கூட்டாளியாச்சே."

கிளென் குழியின் வாயில், தகரக் கூரை நிழலில் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தான். "வாங்க மேட், நீங்களும் யோஸோவுக்குக் கும்பிடு போட வந்தீங்களா?" என்றான். யாரையும் அவன் 'மேட்', நண்பா, என்றுதான் கூப்பிடுவான். டெர்மட் விலகினால் அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள அவன் தயாராக இருப்பது ஊரறிந்த விஷயம்.

"மூணாம் குடைவுல நீங்க வேலை செஞ்சதுண்டா?" என்று கேட்டார் ஆம்ப்ரோஸ்.

"ஸ்பைரோ ஓடினப்புறம் அஞ்சு மாசம் நான்தான் தனியா வெட்டினேன்."

"கல்லு?"

"ஓப்பல்தான் வந்துச்சு. என் கிட்னி பீர்ல ஊறினது. யோஸோவுக்கு அந்த வாடை பிடிக்காது."

"விஷ்னியா உங்களுக்குப் பாட்டில் கலந்து தரலையா?"

"எனக்கு எதுக்கு? நான் அந்த வீட்ல சாப்பிடற ஆளா? என் ஐஸ்பெட்டி என்கூடவே இறங்கும்."

ஏணியில் இறங்க இறங்க வானம் ஒரு காசளவுக்குச் சுருங்கியது. கீழே காற்றே அசையவில்லை. டெர்மட் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். மூன்றாம் குடைவின் திருப்பத்தில் மோரீன் நின்றுவிட்டாள். சுவரில் ஒரு ஆள் நின்றிருந்தார். இல்லை, யோஸோவின் கோட்டு. தொப்பியோடு ஆணியில் மாட்டியபடி மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது. தோளில் விரல் கனத்துக்குத் தூசி. காற்றில்லாத அந்த இடத்தில் அதன் ஒரு கை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"எப்பவும் அப்படித்தான் ஆடும்" என்றான் டெர்மட். இருட்டில் கல்லின் வெட்டுமுகத்தில் பச்சையும் சிவப்புமாக ஒரு கீற்று நெருப்பு ஓடியது. "அதோ அந்தக் கோடியிலதான் வைக்கப்போறேன்."

அவன் காட்டிய இடத்தில் முட்டுக்கட்டைகள் வளைந்து பிளந்திருந்தன. அப்போது பாறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. டொக். கொஞ்சம் விட்டு இன்னொன்று. யாரோ விரல்முட்டியால் கதவைத் தட்டுவது போல மூன்று தடவை. மோரீன் ஆம்ப்ரோஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டீங்கல்ல" என்றான் டெர்மட் தாழ்ந்த குரலில். "வலி வந்து சுருண்டு கிடக்கும்போது இது வீட்டுச் சுவர்ல கேக்கும். நான் கோழையில்ல, ஆம்ப்ரோஸ். ஆனா அந்த மனுஷன் வெட்டின இடத்துல நான் வயிறு வளர்க்கறேன். அவர் பொண்ணையும் கட்டிக்கிட்டேன். கேட்டா குடுத்துடறது நியாயம்தானே."

ஆம்ப்ரோஸ் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு, "புதைக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கல்லை எனக்கு ஒரு தடவை காட்டிடு. அவ்வளவு பெரிய கல் ஊர்ல என்ன எடை வந்துதுன்னாவது எழுதி வெச்சிருக்கணும். காலையில ஏழு மணிக்கு என் கடைக்கு வா. விஷ்னியாவும் கிளென்னும் வரட்டும்" என்றார்.

மேலே வந்ததும் விஷ்னியாவிடம் இரண்டு பொருள் கேட்டார். ஒன்று, இப்போது எடுத்துக்கொண்டிருக்கிற வைட்டமின் டப்பா. இன்னொன்று, ஆணி டப்பாவில் கிடந்த பொம்மைக் கரண்டி. அன்று மாலை மூடிய கதவுக்குப் பின்னால் அவர் அடிலெய்டுக்குத் தொலைபேசியில் வெகுநேரம் பேசினார். மோரீன் கதவில் காது வைத்ததில் சரி, சரி என்பது மட்டும்தான் கேட்டது.

மறுநாள் ஏழு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். டெர்மட் ஓப்பலை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தான். தலைவிளக்கையும் கயிற்றையும் கதவோரம் வைத்தான், இங்கிருந்து நேரே இறங்கிவிடுவதாக உத்தேசம். விஷ்னியா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மோரீனால் பொறுக்க முடியவில்லை. "நானே சொல்லிடறேன். கிளென், கொட்டகையில ஆக்ஸாலிக் அமிலம் இருக்கு. சாவி உன்கிட்ட. டெர்மட்டுக்கு வர்ற கல்லு ஆக்ஸலேட்டு, அந்த அமிலத்துல விளையற உப்புன்னு நேத்து ராத்திரி நான் படிச்சுப் பார்த்தேன். அவன் பாட்டில்ல நீ ஊத்தினியா இல்லையா?"

கிளென் வாயைப் பிளந்தான். "பைத்தியமா உனக்கு?"

"அவர் ஊத்தல" என்றார் ஆம்ப்ரோஸ். "மோரீன் சொன்னதுல பாதி சரி, கல்லு ஆக்ஸலேட்தான். அடிலெய்டு டாக்டரும் அதையே சொன்னார். ஆனா அந்த அமிலத்தைக் குடிச்சா வாயும் தொண்டையும் முதல்ல வெந்துபோகும். டெர்மட்டுக்குப் பல்லு மட்டும்தான் கூசுது. அதுவுமில்லாம யோஸோவுக்கும் ஸ்பைரோவுக்கும் கல்லு வரவெச்சு கிளென்னுக்கு என்ன லாபம்?" அவர் கிளென் பக்கம் திரும்பினார். "ஆனா நீங்களும் சும்மா இல்ல. யோஸோ விமானத்துல சொன்னதை டெர்மட்கிட்ட முதல்ல எடுத்துச் சொன்னது யாரு?"

கிளென் தரையைப் பார்த்தான். "நான்தான். சும்மா விளையாட்டுக்கு... சரி, விளையாட்டுக்கு இல்ல. பயந்தா பங்கை வித்துடுவான்னு நெனச்சேன். கோடிக்குப் போவான்னு நெனைக்கல மேட். சத்தியமா."

"அப்போ யாரு?" என்றான் டெர்மட். "மாமனார்தானே? மூணு பேரும் அவர் குடைவுல வேலை செஞ்சவங்க."

"நாலு பேரு. கிளென்னும் அஞ்சு மாசம் அங்கேதான் இருந்தார், அவருக்கு ஒண்ணும் வரல. குடைவுதான் கேக்குதுன்னா அவரை ஏன் விட்டுச்சு? அதோட இந்தக் கல்லைப் பாருங்க." ஆம்ப்ரோஸ் புட்டியைத் தூக்கிக் காட்டினார். "நம்ம குழியில இந்தப் படிகம் கிடையாது. தென்துருவத்துக் கடலடிச் சேத்துல இதைக் கண்டெடுத்ததா படிச்சிருக்கேன். அங்கே இல்லைன்னா மனுஷன் சிறுநீர்ல விளையும். குழிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அப்போ அந்த மூணு பேருக்கும் உண்டு, கிளென்னுக்கு இல்ல, அப்படி என்ன இருக்கு?"

விஷ்னியாவின் கை மேசை விளிம்பைப் பற்றியது.

ஆம்ப்ரோஸ் தராசை நடுவில் இழுத்தார். ஓப்பலைத் தொடக்கூட இல்லை. வைட்டமின் டப்பாவைத் திறந்து, பொம்மைக் கரண்டியால் ஒரு தடவை அள்ளித் தட்டில் கொட்டினார். "இது டப்பாவுக்குள்ளேயே வர்ற அளவுக் கரண்டி. பொடிக்கு அடியில புதைஞ்சு கிடக்கும், டப்பா காலியாகிற வரைக்கும் கண்ணுல படாது. ஒரு நாளைக்கு இதுல ஒண்ணுன்னு மேல எழுதியிருக்கு. எடை ஒரு கிராம்." பிறகு தன்னுடைய பித்தளைக் கரண்டியை எடுத்தார். "விஷ்னியா வீட்ல தொங்கறது இதே அளவு. அதுல ஒண்ணு அள்ளினா..."

தட்டு சட்டென்று இறங்கியது. அவர் எடைக்கல் மேல் எடைக்கல்லாக வைத்தார். "பதினொரு கிராம். தலைதட்டி அள்ளினா இவ்வளவு. குவிச்சா இன்னும் மேல. ஒரு டப்பாவுல ஐந்நூறு கிராம் இருக்கு. அளவா எடுத்தா ஒருத்தனுக்கு ஒரு வருஷத்துக்கு மேல வரணும். பன்னிரண்டு மாசத்துல ஒன்பது டப்பா காலி, பத்தாவதும் பாதி. இந்த வைட்டமின் சி-யை அளவுக்கு மேல எடுத்தா, உடம்பு அதுல ஒரு பங்கை ஆக்ஸலேட்டா மாத்தி சிறுநீர்ல தள்ளும். அதுவும் இந்த வெயில்ல, ஏணி ஏறணுமேன்னு தண்ணி குடிக்காத ஆளுக்கு."

"ஆனா டாக்டர் எலுமிச்சை நல்லதுன்னாரே" என்றான் டெர்மட். "எலுமிச்சைக்குப் பதிலாத்தானே இது. அதே புளிப்பு."

"புளிப்பு ஒண்ணுதான், பொருள் வேற. எலுமிச்சையில கல்லைத் தடுக்கிற சத்து இருக்கு. இந்தப் பொடியில அது இல்ல, வெறும் வைட்டமின்தான். டாக்டர் மருந்து ஏதாவது உண்டான்னு கேட்டப்போ நீங்க இதைச் சொல்லல. மாவு வாங்கற கடையில வாங்கறது எப்படி மருந்தாகும்னு நெனச்சீங்க. பாட்டிலைக் கலந்தவங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் கலந்தாங்க. ஒவ்வொரு கல்லு வந்தப்புறமும் பயந்துபோய்..."

"கொஞ்சம் கூடுதலா குவிச்சேன்" என்றாள் விஷ்னியா.

அவள் குரலில் அழுகை இல்லை. வேறு யாரோ பேசுவது போலிருந்தது. "டப்பாவுல கரண்டியைக் காணோம்னு அப்பாதான் தன்னோடதை எடுத்துத் தந்தார். கல்லு அள்ளற கரண்டி, கைக்கு வாகா இருக்கும்னார். தினமும் ஒண்ணு. கணக்கு தவறாம ஒண்ணுதான் போட்டேன். ஸ்பைரோவுக்கும். அப்பா போனப்புறம் அதைச் சும்மா போடக்கூடாதுன்னு..." அவள் நிறுத்தினாள். அறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. "அப்பாவுக்கும் நான்தானே கலந்து குடுத்தேன்."

மோரீன் அழ ஆரம்பித்தாள். கிளென் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ஆம்ப்ரோஸ் இந்த இடத்துக்கு முந்தின இரவு முழுக்கப் பயந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கண்டுபிடித்த பிறகும், கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது.

"நான் பொய் சொல்ல மாட்டேன், விஷ்னியா" என்றார். "உங்கப்பா முப்பது வருஷம் அந்தக் குழியில காய்ஞ்சவர். வெயில், தண்ணிப் பஞ்சம், அவர் உடம்போட வாகு, எல்லாம் சேர்ந்துதான் வந்திருக்கும். பொடி மட்டும்தான் காரணம்னு டாக்டராலயும் சொல்ல முடியல. அது காரணமே இல்லைன்னு என்னாலயும் சொல்ல முடியல. ஆனா டெர்மட் விஷயம் வேற. இன்னைக்கே நிறுத்திட்டு, நாள் பூரா தண்ணி குடிச்சா, அடுத்த கல்லு வராம இருக்க நிறைய வாய்ப்பிருக்குன்னார் டாக்டர். வியாழக்கிழமை விமானத்துல வரச் சொன்னார். கோடியில எதையும் புதைக்க வேண்டாம்."

"அந்தச் சத்தம்?" என்றான் டெர்மட்.

"பாறை சூடு ஏறும்போதும் ஆறும்போதும் விரிசல் விட்டுச் சத்தம் போடும். என் வீட்டுச் சுவரும் போடுது. அதுக்கு மேல அது யோஸோவா இல்லையான்னு என் தராசுக்குத் தெரியாது. அவரா இருந்தா, கல்லைக் கேட்டிருக்க மாட்டார். கரண்டியை எடுத்துடுன்னுதான் தட்டியிருப்பார்."

மோரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேசையில் தண்ணீர்க் கூஜாவையும் தம்ளரையும் கொண்டுவந்து வைத்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. டெர்மட் கூஜாவை மனைவி பக்கம் நகர்த்தினான்.

விஷ்னியா எழுந்து சுவரோரம் போய்விட்டாள். கைகள் இரண்டையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டாள். "இனிமே என் கையால உனக்கு ஒண்ணும் தர மாட்டேன். உனக்கு வேணுங்கறதை நீயே எடுத்துக்கோ. சமைக்கவும் மாட்டேன். என்கிட்ட கேக்காதே."

டெர்மட் தம்ளரை எடுத்துக்கொண்டு அவளிடம் போனான். கூஜாவையும் கொண்டுபோனான். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் கேட்பதைப் போலவே கேட்டான்.

"தாகமா இருக்கு. நீயே ஊத்து."

அவள் தலையை ஆட்டினாள். அவன் தம்ளரை நீட்டியபடியே நின்றான். எவ்வளவு நேரம் நின்றான் என்று பிறகு கேட்டபோது கிளென்னுக்கும் சொல்லத் தெரியவில்லை, மோரீனுக்கும் தெரியவில்லை. கடைசியில் அவள் கையை வெளியே எடுத்துக் கூஜாவை வாங்கினாள். கூஜாவின் வாய் தம்ளரில் பட்டுக் கடகடத்தது, பாதித் தண்ணீர் அவன் சட்டையில் கொட்டியது. மிச்சத்தை அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மறுபடியும் தம்ளரை அவளிடம் நீட்டினான்.